தோற்காத வக்கீல்

இனவெறுப்பைத் தூண்டிப் பேசுகிறவர்களைக் கூண்டில் ஏற்றுவதுதான் அந்த அரசு வக்கீலின் வேலை. அவர் போட்ட வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறில் தண்டனை கிடைத்ததென்று பத்திரிகையில் படத்தோடு வந்திருந்தது. காலையிலிருந்து மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. கொஞ்சம் வழுக்கும் என்று பட்டால் போதும், அந்தப் புகாரை அவர் நீதிமன்றப் பக்கமே கொண்டுபோக மாட்டார். ‘போதிய சாட்சியம் இல்லை’ என்று அச்சடித்த கடிதம், கீழே கையெழுத்தென்று ஒரு கிறுக்கல், கதை முடிந்தது. அப்படிக் கழித்துக்கட்டியவை எந்தச் சதவீதத்திலும் வராது. ஓடாத குதிரை எங்கே தோற்கும்?

பதினொரு மணிக்கு ஒரு தையல்காரர் வந்தார். கையில் அந்தப் பத்திரிகைத் துண்டு.

“உங்களைப் பத்திப் போட்டிருந்ததைப் பார்த்துட்டுத்தான்யா வந்தேன்.”

தெருமுனைக் கூட்டத்தில் ஒருவன் மைக்கைப் பிடித்து, “இந்த இனத்துக்காரன் கடை ஒண்ணுகூட இருக்கக் கூடாது, நொறுக்குங்க” என்று கத்தியிருக்கிறான். தையல்காரர் அதை செல்போனில் பதிவு செய்து புகார் கொடுத்தார். பதிலுக்கு அந்த அச்சடித்த கடிதம்தான் வந்தது. அடுத்த வாரமே கடையை நொறுக்கினார்கள். தடுக்கப்போன தம்பிக்கு ஒரு கண் போயிற்று.

“ஞாயித்துக்கிழமை அவன் மறுபடியும் பேசப் போறானாம். யாரோ ஒரு ஆபீசர் படிச்சுக்கூடப் பார்க்காம திருப்பிட்டாருய்யா. நீங்க எடுத்தீங்கன்னா ஜெயிச்சுரும்.”

பத்திரிகைத் துண்டை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் கடிதத்தை விரித்தார். கிறுக்கலைப் பார்த்ததும் வக்கீலுக்கு முகம் செத்துப்போயிற்று. அந்தப் பதிவை அவர் இரண்டு முறை கேட்டிருந்தார். ‘பாதிக்குப் பாதிதான் தேறும்’ என்று கணக்குப் போட்டதும் நினைவுக்கு வந்தது. தலையை ஆட்டிச் சமாளித்துவிடலாம்தான், இவருக்கு எங்கே தெரியப் போகிறது? அப்படி நினைத்ததற்கே உடம்பு கூசியது.

“படிச்சேன்” என்றார். “நல்லாப் படிச்சுட்டுத்தான் அனுப்பினேன். இது என் கையெழுத்து.”

தையல்காரர் கையெழுத்தையும் பத்திரிகைப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப பேப்பர்ல தப்பாப் போட்டுட்டாங்களா?”

“இல்ல. சரியாத்தான் போட்டிருக்காங்க.”

வக்கீல் அவசர அவசரமாகப் புதுக் கோப்பு ஒன்றை எடுத்தார். “உக்காருங்க, இன்னைக்கே வழக்குப் போட்டுடறேன்.”

தையல்காரர் உட்காரவில்லை. கடிதத்தை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பத்திரிகைத் துண்டு மேசையிலேயே கிடந்தது.

“தோத்தாலும் பரவாயில்லைய்யா” என்றார். “இங்க வேற வக்கீல் யாராச்சும் இருக்காங்களா?”