தென்கரைக்கு வெயில் வந்த நாள்

வல்பெர் ஒரே ஊராட்சிதான். ஆனால் நடுவில் ஓடும் ஆறு அதை இரண்டாக்கியிருந்தது. வடகரையில் மேயர் அலுவலகம், தேவாலயம், ரொட்டிக்கடை, கூடவே வருஷம் முழுக்க வெயில். தென்கரைக்கு வாய்த்தது மரம் அறுக்கும் பட்டறையும் கல்லறைத் தோட்டமும்தான். நவம்பரில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன் பிப்ரவரியில்தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். மலையைப் படைத்தவனுக்கே ஓரவஞ்சனை என்பாள் தென்கரைக்காரி சில்வெத்.

வெயிலை வடகரைக்காரர்களே வைத்துக்கொள்ளட்டும். அவள் வயிறு எரிந்தது அர்மாந்தை நினைத்துத்தான். பாலத்தைத் தாண்டியதும் முதல் வீடு, வாசலில் நீள பெஞ்சு, புருஷன் போன பிறகும் வாடாத முகம். சில்வெத்தின் கணவன் ஓபேன் குளிர்காலம் முழுக்க மதியம் சாப்பிட்ட கையோடு தொப்பியை எடுத்துக்கொண்டு அந்த பெஞ்சுக்குப் போய்விடுவான்.

"முட்டி வலிக்குது. கொஞ்சம் வெயில் பட்டா தேவலை."

"ரொட்டிக்கடை வாசல்லயும்தான் வெயில் அடிக்குது."

"அங்க உக்கார இடமில்ல."

சமையலறை ஜன்னலில் நின்றால் எல்லாம் தெரியும். அவன் காலை நீட்டுவது, அர்மாந்த் காப்பி கொண்டுவருவது, வீட்டில் காட்டாத பல்லை அவன் அங்கே காட்டிச் சிரிப்பது. சில்வெத் பாத்திரத்தின் மேல் கோபத்தைக் காட்டுவாள்.

பக்கத்து வீட்டு லெயோந்தினுக்கு வாய் சும்மா இருக்காது. "உன் ஆளு மூஞ்சி நல்லா கறுத்துருக்கேடி. அங்க வெயில் ரொம்பவோ?"

"பத்தாம் தேதி சூரியன் எங்க முற்றத்துக்கே வந்துடும். அப்புறம் எங்க போறான்னு பாக்கறேன்."

வெயில் திரும்பும் நாளில் தென்கரைப் பெண்கள் ஆம்லெட் சுட்டு, தட்டைச் சூரியனுக்குத் தூக்கிக் காட்டிவிட்டுச் சாப்பிடுவது வழக்கம். அன்று சில்வெத் வெண்ணெயை அள்ளிப் போட்டாள். முற்றத்தில் இரண்டு நாற்காலி போட்டு, அவனுடையதில் மெத்தையும் வைத்தாள்.

மலை விளிம்பைத் தாண்டி வெயில் முற்றத்தில் விழுந்தது. சில்வெத் தட்டைத் தூக்கிக் காட்டினாள். ஓபேன் ருசித்துச் சாப்பிட்டான், ரொட்டியால் தட்டைத் துடைத்தான், முட்டியை வெயிலில் நீட்டிக் கண்ணை மூடினான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இத்தனை நாள் வீணாகப் பொறாமைப்பட்டோமே என்று வெட்கம்கூட வந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து தொப்பியைத் தேடினான்.

"எங்க கிளம்பிட்ட? வெயில்தான் இங்கேயே இருக்கே."

ஓபேன் முற்றத்தைப் பார்த்தான். மூலைமுடுக்கெல்லாம் வெயில். முகம் சிவந்துவிட்டது. பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு பாலத்தைப் பார்த்து நடந்தான்.