பேர் வைக்காத நோயாளி

பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத மகனுக்குக் கொரோனா என்று தெரிந்ததிலிருந்து, தகப்பன் ஆஸ்பத்திரியில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தான். மகனோ இரண்டு தும்மல் போட்டுவிட்டு, வயிறு முட்டப் பால் குடித்துத் தூங்கினான். அந்த நேரம் பார்த்துச் சுகாதாரத் துறையிலிருந்து போன் வந்தது. பேசிய பெண் நோயாளியின் வயதைப் பார்க்காமலேயே கேள்விகளை ஒப்பிக்க ஆரம்பித்தாள்.

“நோயாளி பேரு?”

“இன்னும் வைக்கலங்க.”

“என்ன வேலை பாக்குறாரு?”

“பால் குடிக்கிறாரு.”

“சமீபத்துல வெளியூர் எங்கயாவது போனாரா?”

“அவரு வெளிய வந்ததே இப்பதாங்க!”

“மாஸ்க் இல்லாம யாராவது அவர் கிட்ட போனாங்களா?”

“அதைத்தான் நானும் கேக்குறேன்! நர்ஸைக் கேட்டேன், கூட்டிப் பெருக்குற அம்மாவைக் கேட்டேன், மாமியாரைக்கூட விடல. ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க.”

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கட்டிலில் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த மனைவி போனைப் பிடுங்கினாள்.

“மேடம், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிட்டு, புள்ளைக்கு மாத்தி மாத்தி முத்தம் கொடுத்த ஆளு இப்ப இருமுறாரு, கேக்குதா? இவருக்குப் பேர் வச்சாச்சு, எழுதிக்கோங்க.”