மாமாவிடம் ஓ.டி.பி. கேட்டவன்

அலுவலகத்தில் எனக்கு வைத்த பெயர் 'பூட்டு'. பல் மருத்துவர்களுக்கு நாற்காலி, விளக்கு, பல் குடைகிற கருவி எல்லாம் விற்கிற நிறுவனம் அது. மொத்தம் நூற்றிருபது பேர். அவர்களுடைய கம்ப்யூட்டர்களைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றுவது என் வேலை. திருடர்களாவது பரவாயில்லை, இந்த நூற்றிருபது பேரோடு மல்லுக்கட்டியே என் தலையில் பாதி முடி போய்விட்டது. பாஸ்வேர்டை எழுதி மானிட்டரில் ஒட்டுவார்கள். ஒட்டாதீர்கள் என்றால் கீபோர்டுக்கு அடியில் ஒட்டுவார்கள். மாதாமாதம் மாற்றியே தீர வேண்டும் என்று சட்டம் போட்டேன். பழைய பாஸ்வேர்டின் வாலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்த்துக்கொண்டே போனார்கள்.

புதன்கிழமைதோறும் அரை மணி நேரம் வகுப்பு எடுப்பேன். அடையாளம் தெரியாத லிங்க்கைத் தட்டாதீர்கள், போனுக்கு வருகிற எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள், திரையில் தெரிகிற பெயரை நம்பாதீர்கள். விற்பனை மேலாளர் வந்தால் தூங்குவார், வராவிட்டால் குறை சொல்வார். கடைசியில் அவரே நிர்வாகக் குழுவுக்கு ஒரு யோசனை எழுதிக் கொடுத்தார். மனிதர்களைத் திருத்தவே முடியாது, வகுப்பை நிறுத்திவிட்டு ஒரு நல்ல சாஃப்ட்வேர் வாங்கிப் போடுவோம் என்று. வகுப்பு நின்றால் நான் பழையபடி பிரிண்டருக்குள் சிக்கிய காகிதத்தை உருவப் போக வேண்டியதுதான். ஆறு வருஷம் அதைத்தான் செய்தேன். திரும்பவும் அந்த மை படிந்த விரல்களோடு வீட்டுக்குப் போக எனக்குத் தெம்பில்லை.

வீட்டிலும் எனக்கு ஒரு மாணவர் உண்டு. என் மாமா, அதாவது மனைவியின் அப்பா. ரயிலில் முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். எட்டு மாதமாக எங்களோடு இருக்கிறார். 'வாங்க மாப்பிள்ளை', 'உக்காருங்க மாப்பிள்ளை' என்று மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால், போனில் சந்தேகம் கேட்கிற நேரம் தவிர, நான் எதைச் சொன்னாலும் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு 'ம்'. அவ்வளவுதான். எங்களுடையது காதல் கல்யாணம். மகளுக்கு வேறு நல்ல இடம் பார்த்திருக்கலாம் என்று நினைக்கிறாரோ என்று எனக்குள் ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது.

குரலைக்கூடப் போலியாகச் செய்கிற காலம் என்பதால் வீட்டுக்கு ஒரு ரகசிய வார்த்தை வைத்திருந்தேன். அவசரம் என்று யார் பேசினாலும் முதலில் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். அதோடு விட்டேனா? அதையும் மாதாமாதம் மாற்ற வேண்டும் என்றேன். இந்த மாத வார்த்தையை அப்பாவும் மகளும் முடிவு செய்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். மனைவி வெளியிலிருந்து கத்திச் சொன்னாள். நானும் "சரி சரி" என்றேன்.

குழு கூடிய வெள்ளிக்கிழமை காலை, மீட்டிங் அறையில் எம்.டி. அம்மா, குழு உறுப்பினர்கள் நான்கு பேர், விற்பனை மேலாளர் எல்லோரும் வந்து உட்கார்ந்தாயிற்று. வகுப்பால் என்ன பயன் என்று காட்ட அங்கிருந்த கம்ப்யூட்டரில் என் கணக்கைத் திறக்கப் போனேன். 'உங்கள் போனுக்கு அனுப்பிய ஆறு இலக்க எண்ணைத் தரவும்' என்றது. அந்த விதியைப் போட்ட புண்ணியவானும் நான்தான். சட்டைப் பையைத் தடவினேன். போன் வீட்டில், சாப்பாட்டு மேசைமேல், சார்ஜரில்.

"என்ன பூட்டு, சாவியைக் காணோமா?" என்றார் விற்பனை மேலாளர்.

எம்.டி. அம்மா தன் போனை என் பக்கம் தள்ளினார். "வீட்ல கேளுங்க. சீக்கிரம்."

மனைவி நர்ஸ். டியூட்டியில் இருந்தால் அவள் போன் அலமாரிக்குள் போய்விடும். மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு எண் என் எண்தான். அதையே அழுத்தினேன். எண்ணை அடிக்கக் கை வேண்டுமே என்று ஸ்பீக்கரில் போட்டேன். அங்கேதான் என் புத்தி மழுங்கிப்போனது.

"யாரு?" என்றார் மாமா.

"மாமா, நான்தான். போனை வீட்லயே மறந்துட்டேன். அதுல ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. அவசரம்."

எட்டு மாதத்தில் நான் கேட்டிராத உற்சாகத்தோடு மாமா பேசினார்.

"வாடா ராசா. உன் போனுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

"மாமா, நான் மாப்பிள்ளை!"

"வார்த்தையைச் சொல்லு."

யோசித்தேன். குளியலறைத் தண்ணீர்ச் சத்தம்தான் காதில் வந்தது. "முதலை," என்றேன்.

"அது போன மாசம்! பழசு எங்கேடா கிடைச்சுது உனக்கு? பெரிய கைதான் நீ."

எதிரில் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார்.

"மாமா, திரையைப் பாருங்க. எம்.டி.ன்னு பேர் வருதுல்ல? அவங்க போன்லேருந்துதான் பேசுறேன்."

"பேர் எதை வேணா காட்டும். அதை நம்பக் கூடாதுன்னு எனக்குப் பாடம் எடுத்தாச்சு."

எம்.டி. அம்மா பொறுக்க முடியாமல் குனிந்தார். "ஐயா, நான் அவரோட எம்.டி. பேசுறேன். அவர் இங்கதான் இருக்கார்."

"ஓகோ, பக்கத்துல பொம்பளை ஆளும் வெச்சிருக்கியா? கூட்டமாத்தான் கிளம்பியிருக்கீங்க."

விற்பனை மேலாளர் மேசையில் தலை கவிழ்ந்து குலுங்கினார்.

"மாமா, தயவுசெஞ்சு... என் வேலையே இதுலதான் இருக்கு!"

"தம்பி, முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் பார்த்தவன் நான். வீட்ல மறந்துட்டேன், அவசரம், வேலை போயிடும்... இந்தக் கதையைப் பெட்டிக்கு நாலு பேர் சொல்லுவான். போயும் போயும் என் மாப்பிள்ளை பேரைச் சொல்லிக்கிட்டு வந்தே பாரு, அதுதான் உன் கெட்ட நேரம். அவர் யாருன்னு தெரியுமா உனக்கு? உயிர் போற நேரத்துலகூட அந்த மனுஷன் இந்த நம்பரைக் கேக்க மாட்டார். ஒண்ணையே பத்துத் தடவை கேட்டிருக்கேன். ஒரு தடவை முகம் சுளிச்சதில்ல. என் பொண்ணுக்கு நானே தேடியிருந்தாலும் இப்படி ஒருத்தரைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். போடா, போய் ஒழுங்கா உழைச்சுச் சாப்பிடு."

போனை வைத்துவிட்டார்.

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அவமானம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். கண்ணில் தண்ணீர் நின்றது, அதுதான் விஷயம்.

எம்.டி. அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விற்பனை மேலாளரைப் பார்த்தார். "மனுஷங்களைத் திருத்த முடியாதுன்னு எழுதியிருந்தீங்களே?"

"அவர் டிக்கெட் பார்த்தவர் மேடம். நம்ம ஆளுங்க..."

"நம்ம ஆளுங்களுக்கும் அரை மணி நேரம் போதும். நீங்க முழிச்சிருந்தா." பிறகு என் பக்கம் திரும்பினார். "வகுப்பு நடக்கட்டும். அந்த மாசா மாசம் மாத்துற சட்டத்தை மட்டும் இன்னைக்கே தூக்குங்க. போட்டவருக்கே ஞாபகம் இல்லை."

அந்தச் சட்டத்துக்காக இரண்டு வருஷம் எல்லோரோடும் சண்டை போட்டிருக்கிறேன். வாயைத் திறக்காமல் தலையாட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைத்ததும் மாமா பேப்பரை மடித்து வைத்தார். அதுவே அதிசயம்.

"மாப்பிள்ளை, காலையில ஒரு திருட்டுப் பய போன் பண்ணினான். குரல் அச்சு அசல் உங்க குரல். ஆனா என்ன கெஞ்சு கெஞ்சுறான்! உங்களுக்கு அப்படிக் கெஞ்சவே வராது. அதுலயே பிடிச்சுட்டேன்."

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் வீட்டு வகுப்பிலும் பாடம் சரியாக முடிய வேண்டுமே.

"மாமா, அது நான்தான்."

அவர் என்னையே பார்த்தார். "பக்கத்துல அந்தம்மா?"

"எங்க எம்.டி.தான். ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். ஆறு பேர் கேட்டாங்க."

"கேட்டாங்கன்னா... எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

மாமா தொண்டையைச் செருமினார். மடித்த பேப்பரை மறுபடி விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"அது திருடனுக்குச் சொன்னது, மாப்பிள்ளை. உங்களுக்குச் சொன்னதில்ல. மனசுல வெச்சுக்காதீங்க."

"சரி மாமா," என்றேன்.

மனதில்தான் வைத்திருக்கிறேன். மாதாமாதம் மாற்றச் சொல்லி யார் சட்டம் போட்டாலும் மாற்ற மாட்டேன்.