உப்புப் பார்க்க ஓர் ஆள்

ஜெயமேரி குடியிருந்தது கடலூரில், வேலை பார்த்தது சிதம்பரத்தில். தெற்கு வீதியை ஒட்டிய சந்தில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் வேலை. சாப்பிடாமல் வந்து ரத்தம் கொடுக்கிறவர்கள் விடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால், கடலூரிலிருந்து முதல் சில பஸ்களில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். கணவன் ஆரோக்கியராஜ் மின்வாரியத்தில் லைன்மேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் நேராகக் கறிக்கடைக்குப் போவான். மற்ற நாட்களில் தேவனாம்பட்டினத்திலிருந்து கூடைக்காரம்மா கொண்டுவரும் மீன். அந்த வீட்டில் கவிச்சி இல்லாத சாப்பாடு என்றால் அது தவக்காலம் மட்டும்தான்.

2009 ஆவணியில் புஷ்பவள்ளி அந்த நிலையத்துக்கு வேலைக்கு வந்தாள். வருகிறவர்களின் பெயர் எழுதிக்கொள்வதும் ரிசல்ட்டை டைப் அடித்துக் கொடுப்பதும் அவள் வேலை. பிறந்த ஊர் கம்மாபுரம் பக்கம், வாழ்க்கைப்பட்டது சிதம்பரத்தில். புருஷன் செம்பியன் சிங்கப்பூரில் இருந்தான். ஜெயமேரியைவிடப் பத்து வயதாவது இளையவள். முதல் நாள் மதியம் ஜெயமேரி தன் டப்பாவிலிருந்து தயிர்சாதம் எடுத்து அவள் தட்டில் வைக்கப் போனாள்.

"வேண்டாங்கக்கா. பால், தயிரு சாப்புடறது இல்ல."

விரதம் என்று நினைத்தார்கள். அடுத்த நாளும் வேண்டாம் என்றாள். கறி, மீன், முட்டை எதுவும் இல்லை. டீயில் பால் இல்லை. இனிப்பு கொடுத்தால் நெய்யா எண்ணெயா என்று கேட்பாள். தேன் கூட இல்லை. நிலையத்தை நடத்திய டாக்டர் அதற்கு வீகன் என்று பேர் என்றார். அப்படியெல்லாம் தனக்குப் பேர் தெரியாது என்று புஷ்பவள்ளி சிரித்தாள்.

காரணம் கேட்டதற்கு ஒரே ஒரு முறை சொன்னாள். கம்மாபுரத்தில் அவர்கள் வீட்டில் ஒரு பசு கன்று போட்டது. கன்று செத்துப்போனது. பசு பால் இறக்கவில்லை. அவளுடைய அப்பா கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலை அடைத்து, நாலு குச்சியைக் காலாக வைத்துப் பசுவின் முன்னால் நிறுத்தினார். பசு அதை நக்கியது. பால் இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த புஷ்பவள்ளி அன்று காப்பி குடிக்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொன்றாக எல்லாம் போய்விட்டது. அவ்வளவுதான் கதை. சொல்லி முடித்து ரசம் ஊற்றிக்கொண்டாள்.

ஜெயமேரிக்கு அன்று பஸ்ஸில் கண் கலங்கியது. தானும் விட்டுவிட வேண்டும் என்று முதலில் தோன்றியது அப்போதுதான். அது நல்ல எண்ணம். ஆனால் அதோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. புஷ்பவள்ளி 'வேண்டாங்க' என்று சொல்லும் விதம் அவளைத் தொந்தரவு செய்தது. அதில் வருத்தமோ பெருமையோ இல்லை. நம்ம ஊர் பஸ் இல்லை என்று ஒரு பஸ்ஸை விட்டுவிடுவதைப் போலச் சொல்வாள்.

2010 ஈஸ்டருக்குப் பிறகு ஜெயமேரி முயற்சியை ஆரம்பித்தாள். தவக்காலம் முழுவதும் தாங்கியவளுக்கு அதை நீட்டிப்பது கஷ்டமாக இருக்காது என்று கணக்குப் போட்டாள். ஆனால் தவக்காலத்தில் வீடே, பங்குக் கோயில் ஜனமே சேர்ந்து விடுகிறது. சுனாமிக்குப் பிறகு சில வாரம், பிணம் மிதந்த கடல் என்று கடலூரே மீனைத் தொடாமல் இருந்தபோது அவளும் சிரமம் இல்லாமல் இருந்தாள். ஊரோடு சேர்ந்து விடுவது சுலபம். இப்போது பக்கத்துத் தட்டில் கிழங்கான் மீன் வறுவல் இருக்க, தன் தட்டில் கத்தரிக்காயோடு உட்கார வேண்டியிருந்தது.

முதல் முறை மூன்று நாளில் உடைந்தது. இரண்டாம் முறை, துண்டை எடுக்காமல் குழம்பு மட்டும் ஊற்றிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சலுகை கொடுத்தாள். பிறகு கறிக்குழம்பில் கிடக்கும் உருளைக்கிழங்கு கறி ஆகாது என்று முடிவு செய்தாள். கருவாடு என்பது ஏற்கெனவே காய்ந்தது, அதை மீன் கணக்கில் சேர்ப்பதா என்று ஒரு நாள் யோசித்தாள். பால் ஊற்றாத டீயில் தலைவலி வந்தது. ஆரோக்கியராஜ் தடுக்கவும் இல்லை, கிண்டல் செய்யவும் இல்லை.

"விடணும்னா விட்டுடு மேரி. சட்டிய எதுக்கு எட்டி எட்டிப் பாக்குற?" என்று மட்டும் ஒரு நாள் கேட்டான். அவளுக்கு அழுகை வந்தது.

நிலையத்தில் இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. நன்றாகப் பிடிபட்ட பிறகு ஒரு நாள் புஷ்பவள்ளியிடம், 'நானும் விட்டு ஆறு மாசம் ஆச்சு' என்று சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்த நாள் தள்ளித் தள்ளிப் போனது. போகப் போக, வேறொன்றைத் தேட ஆரம்பித்தாள். புஷ்பவள்ளியின் செருப்பு தோலா என்று பார்த்தாள், ரப்பர். பொங்கலுக்குப் பட்டுப்புடவை கட்டி வருவாளா என்று பார்த்தாள், நூல் புடவை கட்டி வந்தாள். பிஸ்கட் தின்றபோது அதில் பால் இருக்கும் என்று உள்ளுக்குள் குதித்தாள். உறையைப் பிறகு தனியாக எடுத்து வாசித்தாள். இல்லை. ஒரு மனுஷிக்கு ஒரு ஓட்டை கூடவா இருக்காது என்று கோபம் வந்தது.

2011 மாசியில் ஒரு சனிக்கிழமை. தவக்காலம் இன்னும் தொடங்கவில்லை. அந்த முறை அவள் கறியும் மீனும் விட்டு இரண்டு மாதம் ஓடியிருந்தது. அதுவரை அவ்வளவு நீளமாக அவளால் இருக்க முடிந்ததில்லை. அரை நாள் வேலை முடிந்து மார்க்கெட் வழியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். மீன் விற்கும் இடத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கொடுவா மீனின் செவுளைத் தூக்கி நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள் புஷ்பவள்ளி.

ஜெயமேரிக்கு நெடுநாள் காய்ச்சல் விட்டது போல உடம்பு லேசானது. இவ்வளவுதானா என்று நினைத்தாள். பின்னால் போய் நின்று, "என்ன புஷ்பா, மீனா?" என்றாள்.

புஷ்பவள்ளி திடுக்கிடவில்லை. மாமனாருக்கு என்றாள். வீடு பக்கம்தான், வந்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டாள். சும்மா சொல்கிறாளா என்று பார்த்துவிடலாம் என்றே ஜெயமேரி கூடப் போனாள்.

பொய் இல்லை. மாமனார் உத்திராபதி பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்து கட்டிலில் கிடந்தார். மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது அவருக்கு. மற்ற எல்லாவற்றுக்கும் மருமகள் சொல்வதைக் கேட்பவர் இதற்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். புஷ்பவள்ளி கல்லில் உப்புப் போட்டு மீனை உரசினாள். துண்டு போட்டாள். புளி கரைந்து, மிளகாய்த்தூள் கொதித்து, மாங்காய் விழுந்து, மீன் விழுந்தது. வாசனை வீடு முழுக்க நின்றது. ஜெயமேரி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒனக்கு சின்ன வயசுலேருந்தே புடிக்காதோ?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. பிடிக்காததை விட்டதில் என்ன இருக்கிறது?

"எனக்கா? நண்டுன்னா உசுருக்கா. எங்க வூட்ல எனக்குன்னு தனியா எடுத்து வப்பாங்க."

"இப்ப தோணாதா?"

"தோணும். மழ நாள்ல நல்லாவே தோணும். தோணிட்டுப் போயிடும்."

போயிடும் என்றால் எங்கே போகும் என்று கேட்க வேண்டும் போல இருந்தது ஜெயமேரிக்கு. தனக்கு அது போகிறதே இல்லை, வந்து சட்டி பக்கத்திலேயே குந்திக்கொள்கிறது.

புஷ்பவள்ளி குழம்பைக் கரண்டியில் மொண்டு, ஊதி, அவள் பக்கம் நீட்டினாள். பக்கத்து வீட்டு ரத்தினம்மாள்தான் தினம் வந்து உப்புப் பார்ப்பாளாம், இன்றைக்கு ஊருக்குப் போய்விட்டாளாம்.

"நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கக்கா. என்னால முடியாதுல்ல."

நானும் விட்டுவிட்டேன் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைக்காகத்தான் அவள் கிட்டத்தட்ட ஒரு வருடமாகக் காத்திருந்தாள். கரண்டி மூக்குக்கு நேராக இருந்தது. ஜெயமேரி உள்ளங்கையை நீட்டி வாங்கி நக்கினாள்.

"சரியா இருக்கா?"

"தெரியல. இன்னுங் கொஞ்சம் ஊத்து."

அதற்குள் சோறு வடித்தாயிற்று. சாப்பிட்டுப் போங்கள் என்றதும் மறுக்கவில்லை. இரண்டு துண்டு மீனோடு சாப்பிட்டாள். ருசி பார்க்காமல் ஒருத்தி வைத்த குழம்பு, தன் கைக்குழம்பைவிட நன்றாக இருந்தது. அதையும் அவளால் மன்னிக்க முடியவில்லை. பஸ்ஸில் கடலூர் வரும் வரை கையில் வாசனை இருந்தது. வீட்டில் ஆரோக்கியராஜிடம் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை, கூட வேலை பார்க்கும் மாலதியிடம் பேச்சுவாக்கில், புஷ்பா வீட்டு மீன்குழம்பு பிரமாதம் என்றாள். பொய்யாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மாமனாரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மாலதி மீதியைத் தானே முடித்துக்கொண்டாள். சில நாட்களில் ரத்தம் பிடிக்கிற கண்ணாடிக் குழாய்களைக் கழுவுகிற அம்மா வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது.

அந்த மாதக் கடைசியில் டாக்டர் மகளின் பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் பிரியாணி வந்தது. புஷ்பவள்ளிக்குத் தனியாக எலுமிச்சம்பழச் சோறு. மாலதி ஒரு பிரியாணிப் பொட்டலத்தை எடுத்து அவள் மேஜையில் வைத்தாள்.

"வீட்ல திங்கறத இங்க திங்கறதுக்கு என்ன?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். புஷ்பவள்ளி வேறு யாரையும் பார்க்கவில்லை, நேராக ஜெயமேரியைப் பார்த்தாள். ஜெயமேரி குனிந்து குழாய்களுக்குப் பேர் ஒட்டிக்கொண்டிருந்தாள். "வேண்டாங்க" என்ற சத்தம் கேட்டது. இந்த முறை குரல் நடுங்கியது. அதைக் கேட்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் ஆசைப்பட்டோம் என்று ஜெயமேரிக்குத் தெரிந்தது. கேட்டதும் சந்தோஷம் வந்தது. வந்த சந்தோஷம் ஒரு பேர் ஒட்டி முடிப்பதற்குள் போய்விட்டது.

சாயங்காலம் கடலூர் பஸ் நிற்கும் இடத்தில் புஷ்பவள்ளி காத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சாப்புடறதப் பத்தி நான் ஒரு நாளாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கனாக்கா?"

"சொல்லல."

"அப்பறம் ஏன்?"

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கூப்பிட்டான். ஜெயமேரி ஏறவில்லை.

"சொல்லியிருந்தா கூட நான் சண்ட போட்டுட்டு நிம்மதியா இருந்திருப்பேன். நானும் உட்டுப் பாத்தேன் புஷ்பா. ஏழெட்டு தடவ. முடியல. ஒன்னால மட்டும் எப்படி முடியுதுன்னு வயிறு எரியுது."

புஷ்பவள்ளி வேறொன்றைக் கேட்டாள். உப்புப் பார்த்த அன்றும் விட்டுத்தான் இருந்தீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் அவள் முகம் சுருங்கியது.

"சொல்லியிருக்கலாம்ல. உப்பு இல்லன்னாலும் மாமா தின்னுட்டுப் போயிருப்பாரு. நானே ஒங்களக் கெடுத்துட்டேன்."

அவள் அழுதாள். தன்னைப் பற்றிப் பரவிய பேச்சுக்கு அவள் அழவில்லை, இதற்கு அழுதாள். ஜெயமேரிக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தின் நடுவிலும், இப்படி அழக்கூட நமக்கு வராதே என்று ஒரு முள் குத்தியது.

மறுநாள் மாலதியையும் மற்றவர்களையும் கூப்பிட்டு, சொல்லாமல் விட்ட மிச்சத்தைச் சொன்னாள். மீன் மாமனாருக்கு, உப்புப் பார்த்தது நான், தின்றதும் நான் என்றாள். மாலதி ஒரு மாதிரியாகப் பார்த்தாள், அவ்வளவுதான். புஷ்பவள்ளி பழையபடி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள், அக்கா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் வீட்டுக்கு வாங்க என்று மறுபடி கூப்பிடவில்லை. அந்த வருடக் கடைசியில் உத்திராபதி செத்துப்போனார். கருமாதி முடிந்ததும் செம்பியன் அவளைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான்.

போட்டிக்கு ஆள் இல்லாமல் போன பிறகு ஜெயமேரிக்குக் கொஞ்சம் கைகூடியது. ஆட்டுக்கறியும் கோழியும் நின்றன. மீன் நிற்கவில்லை, பால் டீயும் நிற்கவில்லை. அதற்கு மேல் அவள் தன்னை அடித்துக்கொள்ளவும் இல்லை. ஆரோக்கியராஜ் ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ வாங்குவதைக் கால் கிலோவாகக் குறைத்துக்கொண்டான்.

2012 வைகாசியில் பரங்கிப்பேட்டையில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். சைவப் பந்தியில் இடமில்லை என்று ஜெயமேரியைப் பிரியாணிப் பந்திக்கு நடுவிலேயே உட்காரவைத்து, தனியாகச் சாம்பார் சாதம் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்தில் அவளுடைய சித்தி மகள் ஜெயராணி. ஜெயராணி அவள் இலையைப் பார்த்து, தனக்கும் விட வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறது என்றாள்.

"எப்படித்தான் உட்டியோ. ஒன்னப் பாத்தா பொறாமையா இருக்கு மேரி."

"மீன் உடல," என்றாள் ஜெயமேரி.

"கறியாவது உட்டியே," என்று சொல்லிவிட்டு, ஜெயராணி ஒரு நல்லி எலும்பை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாள். பிறகு விரலை நக்கினாள். அடுத்ததை எடுத்தாள். அவள் முகத்தில் எந்தக் கணக்கும் இல்லை.

ஜெயமேரி சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பொறாமையாகத்தான் இருந்தது.