சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

மயிலாப்பூர் வேதாந்தம் புதுக் காருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில்தான் தம்பி ஸ்ரீரங்கன் ஜப்பானுக்கு வேலைக்குப் போனான். போன சூட்டோடு ஒரு குட்டிக் கார் வாங்கி, அதன்மேல் சாய்ந்தபடி போட்டோ அனுப்பினான். தவளை மாதிரி முழித்தது அது. சில வருஷத்தில் அதே காரின் அடுத்த மாடலுக்கு மாறினான். முகம் தட்டையாகி, உடம்பு கொஞ்சம் நீண்டிருந்தது. அதற்கடுத்த மாடலில் பின்பக்கமே கதவாகத் திறந்தது.

"அவனுக்கென்ன, சட்டை மாத்தற மாதிரி மாத்தறான்" என்று ஒவ்வொரு போட்டோவுக்கும் மனைவி வேம்புவிடம் எரிந்து விழுவார் வேதாந்தம்.

பத்து வருஷம் காத்திருந்தபின், ஒருவழியாக எழுபத்தெட்டில் அவருடைய கார் வந்து சேர்ந்தது. பதிவு செய்தபோது பார்த்த அதே உருவம். கதவின் கைப்பிடிகூட மாறவில்லை. இருந்தாலும் புதுக் கார் அல்லவா? மறுநாள் ஊருக்கு வரும் தம்பியின் கண்ணெதிரே சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கேசவப் பெருமாள் கோயிலுக்கு ஓட்டிப்போக வேண்டும் என்று பூஜை போடாமலே வாசலில் நிறுத்திவைத்தார்.

டாக்ஸியிலிருந்து இறங்கிய ஸ்ரீரங்கன், காரை ஒருமுறை சுற்றிவந்து பானெட்டைத் தட்டினான்.

"பரவாயில்லையே அண்ணா, இத்தனை பழைய வண்டியைப் புதுசு மாதிரி வெச்சுண்டிருக்கேள்."

வேதாந்தம் கையிலிருந்த எலுமிச்சம்பழங்களை மனைவியிடம் நீட்டினார்.

"வெயில்ல வந்திருக்கான். ஜூஸ் போட்டுக் குடு."