மதகில் நிற்க ஓர் ஆள்

புத்தகத்தில் ஒட்டியிருந்த சீட்டு நகத்துக்கு வரவில்லை. சவர பிளேடின் முனையை ஓரத்தில் செருகி இழுத்தாள். வந்தது. கூடவே அடியிலிருந்த அச்செழுத்தும் உரிந்து வந்தது.

"என்ன பண்றே அங்க?" அண்ணி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி."

மணி பதினொன்று. முன்னறையில் அண்ணன் படுத்திருந்தான். காலையில் வந்து பார்த்த நர்ஸ், போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு, இல்லேன்னா நாளைக்கு. பாக்க வேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க." அண்ணன் இரண்டு பேரைத்தான் கேட்டான். பஸ் டிரைவர், மருந்துக்கடைக்காரர். மூன்று மணிக்கு வரச் சொல்லியாகிவிட்டது.

"வெறுமனே வந்து என் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டாம். விளையாட்ட முடிச்சிடலாம்" என்றும் சொன்னான்.

நான்கு வருடமாக நடக்கும் விளையாட்டு. காய் நகர்த்துவது இல்லை. ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தக் கதைக்குள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். சந்தேகம் வந்தால் பகடை தீர்த்து வைக்கும். கதை சொல்பவள் அவள். கதை கடையில் வாங்கிய புத்தகம், பதினொரு அத்தியாயம். அச்சடித்தவனுக்கு இந்த மேசையைச் சுற்றி யார் உட்காரப் போகிறார்கள் என்று தெரியாது.

அவள் பல்செட் கட்டும் கூடத்தில் வேலை பார்ப்பவள். தயாராக வரும் பற்களை மெழுகில் அடுக்கி, இடிக்கிற இடத்தை ராவி, வாய்க்கு ஏற்றபடி உட்கார வைப்பாள். புத்தகத்தையும் அப்படித்தான் ராவினாள். நாள் முழுக்க ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் டிரைவர், "எனக்கு நடக்கிற ஆளா ஒருத்தனக் குடு தங்கச்சி" என்று கேட்டார். காட்டு வழிகாட்டியானார். புத்தகத்தில் படகில் கடக்க வேண்டிய நாட்டை அவருக்காக நடந்து கடக்க வைத்தாள். மருந்துக்கடைக்காரர் ஒருமுறையாவது திருட ஆசைப்பட்டார். அவருக்காக இரண்டு கஜானாக்களைச் சேர்த்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன், அப்பனோடு சண்டை போட்டு வீட்டை விட்டு ஓடிப்போன பூட்டுக்காரன். மாற்றியதையெல்லாம் சீட்டில் எழுதி, அச்சின் மேல் ஒட்டிவிடுவாள். புத்தகம் இப்போது மூடாது.

கடைசி அத்தியாயத்தில் மூவரும் வெள்ளம் ஏறும் கோட்டைக்குள் சிக்கிக்கொள்வார்கள். வெளியேற ஒரே வழி மதகு. சக்கரத்தைச் சுற்றி அதன் கதவை மேலே ஏற்ற வேண்டும். சக்கரத்தை விட்டால் கதவு விழுந்துவிடும். அச்சில் இதற்கு ஒரு சுலப வழி இருந்தது. சுவரில் சங்கிலி தொங்கும். சக்கரத்தை அதில் கட்டிவிட்டு எல்லோரும் போகலாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அது அவளுக்குச் சப்பென்று இருந்தது. சங்கிலியின் மேல் சீட்டை ஒட்டினாள். அந்த மதகைக் கட்டியவன் பூட்டுக்காரனின் அப்பன். சக்கரம் அந்த வீட்டார் கைக்கு மட்டுமே அசையும். மகன் உள்ளே நின்று பிடித்தால் மற்ற இருவர் பிழைப்பார்கள். எழுதி முடித்தபோது அவளுக்கே கை தட்டத் தோன்றியது. அப்போது அண்ணன் ஒரே மூச்சில் பதினாலு மாடி ஏறிக்கொண்டிருந்தான்.

இப்போது சங்கிலி வேண்டும். அது இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு குழி. புதுச் சீட்டு எடுத்து, தானே எழுதினாள். ஒட்டினாள். கோணலாக இருந்தது. பிய்த்து மறுபடி ஒட்டினாள். எழுந்து முன்னறைக்குப் போனாள். அண்ணன் கண்ணை மூடியிருந்தான். போர்வை ஏறி இறங்குவதை எண்ணினாள். திரும்பி வந்தாள். பத்து நிமிடத்தில் மறுபடி போனாள்.

"என்ன பாப்பா, ரோந்து சுத்தறே?" கண்ணைத் திறக்காமலே கேட்டான். அவளுக்கு நாற்பத்தொரு வயது.

டிரைவர் சீருடையோடு வந்தார். மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். இருவரும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"என்ன மச்சான், சொல்லாம கொள்ளாம இளைச்சிட்டே?" என்றார் டிரைவர்.

"உன் தொப்பையில பாதியக் குடேன், கட்டிக்கிறேன்."

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது. வெள்ளம் வந்தது. மருந்துக்கடைக்காரர் தப்பி ஓடுகிற நேரத்திலும் ஒரு வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தார். டிரைவர் திட்டினார். அண்ணன் சிரித்தான், சிரிப்பு இருமலாகி, அண்ணி வந்து நிமிர்த்தி உட்கார வைத்தாள். மூவரும் மதகுக்கு வந்தார்கள்.

"சக்கரம் இருக்கு" என்றாள் அவள். "பக்கத்துச் சுவர்ல ஒரு சங்கிலி தொங்குது."

"சங்கிலியா?" என்றான் அண்ணன்.

"ஆமா."

"எத்தன தடிமன்?"

"என் மணிக்கட்டு அளவு."

"துருப் பிடிச்சிருக்கா?"

"இல்ல."

"தண்ணிக்குப் பக்கத்துலயே கிடக்கு, துருவே இல்ல?" அண்ணன் மற்ற இருவரையும் பார்த்தான். "இந்தக் கம்பெனி சங்கிலி நமக்குக் கிடைச்சா நல்லாயிருக்கும்."

டிரைவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "இருக்குன்னு சொல்றேன்ல. கட்டிட்டுப் போங்களேன்."

அண்ணன் தலையணைக்கு அடியில் கையை விட்டான். நேரமெடுத்தது. நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான். நான்காவது அத்தியாயத்தில், அப்பனின் பட்டறையில் கண்டெடுத்ததாக அவளே வரைந்து கொடுத்த மதகின் படம். அவள் அதை மறந்தே போயிருந்தாள். சக்கரம் இருந்தது. பற்கள் இருந்தன. ஓரத்தில் அளவுகள்கூட எழுதியிருந்தாள்.

"படத்துல சங்கிலி இல்ல பாப்பா."

அடுப்படியில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"எங்கப்பன் அப்படி மாட்டி வைக்கிற ஆளில்ல" என்றான் அண்ணன். "எனக்காக ஒண்ணு யோசிச்சு வச்சிருப்பியே. அதக் குடு."

அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சக்கரம் உன் கைக்குத்தான் அசையும்."

"அப்படிச் சொல்லு." தலையைத் தலையணையில் சாய்த்தான். முகம் தெளிந்திருந்தது. "நான் பிடிச்சிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க."

"டேய்" என்றார் டிரைவர்.

"கிளம்புடா. அந்தக் கிண்ணத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லு."

மூவரும் அவளைப் பார்த்தார்கள். அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைச் செய்வதாகச் சொன்னாலும், அவள் வாயால் சொன்னால்தான் அது நடந்ததாகக் கணக்கு. கதவு ஏறியது என்று அவள் சொல்ல வேண்டும். இருவர் வெளியே போனார்கள் என்று சொல்ல வேண்டும். மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

"இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாம்" என்றாள்.

மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

"அடுத்த ஞாயிறா?" என்று கேட்டான் அண்ணன்.

"ஆமா."

"அதுவரைக்கும் பிடிச்சிட்டே நிக்கணுமா? கை வலிக்குமே பாப்பா."

அவள் பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட்டாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். டிரைவரும் மருந்துக்கடைக்காரரும் அவன் கையைத் தொட்டுவிட்டுக் கிளம்பிய சத்தம் கேட்டது. டம்ளர்களைக் கழுவினாள். காய்ந்திருந்தவற்றையும் எடுத்துக் கழுவினாள். பால்கனிக்குப் போய்க் கொடியில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. எடுக்காமல் விட்டாள். உள்ளே வந்து நாற்காலிகளை மேசைக்கடியில் தள்ளினாள். ஒன்றை வெளியே இழுத்து உட்கார்ந்தாள். எழுந்தாள்.

சொல்லிவிடலாம். இரண்டு வரிதான். கதவு மேலே ஏறுகிறது. அவர்கள் குனிந்து அடியில் போகிறார்கள். உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். 'போகிறார்கள்' வரைக்கும் வந்தது. நின்றாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை கடைசி வரைக்கும் வந்தது. அதை நழுவ விடாமல் முன்னறைக்கு வேகமாகப் போனாள்.

அண்ணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் கை அவள் மடியில் இருந்தது.

"இப்பத்தான்" என்றாள் அண்ணி. "உன்னக் கூப்பிடலாம்னு வாயெடுத்தேன்."

அவள் போர்வையைப் பார்த்தாள். எண்ண ஒன்றுமில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நின்றாள். பிறகு ஜன்னலைச் சாத்தினாள். பிறகு திறந்தாள்.

"உக்காரேன்" என்றாள் அண்ணி.

டாக்டர் வந்தார். கையெழுத்துப் போட்டார். அண்ணியின் அக்கா வந்து வீட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அதன்பின் தங்கையின் வேலை போன்தான். ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். அது தடங்கலில்லாமல் வந்தது. டிரைவருக்கு மட்டும் போன் செய்தபோது, எடுத்ததும் அவர், "சரி தங்கச்சி" என்றார். அவள் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு வண்டி வந்தது. அவனை ஏற்றினார்கள். அண்ணி முன்னால் ஏறி உட்கார்ந்தாள். மற்றவர்கள் பின்னால் வருவதாக ஏற்பாடு. இரண்டு கார்கள் திரும்பி நிற்க இடமில்லாமல் திணறிக்கொண்டிருந்தன. அவள் தெரு ஓரமாக நின்றாள். டிரைவர் ஒரு பக்கம் வந்து நின்றார். மருந்துக்கடைக்காரர் இன்னொரு பக்கம். முந்தைய நாள் சட்டையே போட்டிருந்தார்.

வண்டியின் பின்கதவைச் சாத்தினார்கள். முதல் தடவை சேரவில்லை. மறுபடி சாத்தினார்கள்.

டிரைவர் அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"தங்கச்சி. நாங்க வெளிய வந்துட்டோமா?"

இஞ்சின் உறுமியது. அவள் அது அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

"வந்துட்டீங்க."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும். கரையேறி, மேட்டுல நிக்கிறீங்க."

மருந்துக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "கதவு?"

"நீங்க வெளிய வர்ற வரைக்கும் மேலயே நின்னுது" என்றாள். "கொஞ்சங்கூட இறங்கல."

டிரைவர் தலையாட்டினார். இன்னும் ஒரு முறை ஆட்டினார். மூவரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அது தெருமுனை வரை ஊர்ந்து போனது. அங்கே நின்றது. எதிரே ஒரு வண்டியும் இல்லை. ஆனாலும் இண்டிகேட்டர் விளக்கு மினுக்கியது. இரண்டு பக்கமும் பார்க்கும் நேரம் நின்றுவிட்டு, பிறகுதான் திரும்பியது.

"ஒழுங்கா ஓட்டுறான்" என்றார் டிரைவர்.