சிட்டுவைப் பேசவைக்காத கதை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் அண்ணியிடமிருந்து பிடுங்கியது. அவர் ஓர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அன்று பள்ளி விட்டு வந்தவர் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், சமையலறை வாசலில் நின்றபடி அண்ணனிடம் கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ‘ம்’ கொட்டிக்கொண்டே செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா உட்கார்ந்திருந்த நான் காதைத் தீட்டிக்கொண்டேன். எழுதுகிறவன் ஒருவன் வீட்டில் இருந்தால் யாரும் நிம்மதியாகப் புலம்பக்கூட முடியாது.

“தம்பி, இதை எழுதிடாதீங்க” என்றார் அண்ணி, என் முகத்தைப் பார்த்துவிட்டு.

“ஐயோ, எழுத மாட்டேன் அண்ணி” என்றேன். அன்று மாலையே முதல் வரியை எழுதினேன்.

அந்த வரி: பள்ளிக்கு டேப்கள் வந்து இறங்கிய நாளில் வானம் 

வேண்டாம். வானத்துக்கும் டேப்புக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த முயற்சி: இன்றைய உலகில் தொழில்நுட்பம் என்பது 

[இதையும் விட்டுவிட்டேன். இப்படித் தொடங்கினால் பேச்சுப்போட்டிக்குத்தான் அனுப்ப வேண்டும்.]

2

ஆகவே திட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பள்ளிக்கு டேப்கள், அதாவது தொடுதிரைக் கைக்கணினிகள், வரப்போகின்றன என்று தெரிந்ததும் தலைமையாசிரியர் எல்லா ஆசிரியர்களையும் உட்காரவைத்துத் திட்டம் போட்டார். நல்ல மனிதர். ஆனால் அவருக்குத் திட்டம் என்றால் வாங்குவது வரைதான். என்ன நிறத்தில் உறை போடுவது, யாரைக் கூப்பிட்டுத் தொடங்கிவைப்பது என்று பேச்சு சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணி கையைத் தூக்கினார்.

“சார், சார்ஜ் எங்க போடறது? என் வகுப்புல இருக்கறது ஒரே ஒரு பிளக். அதுவும் ஆடுது.”

“பார்த்துக்கலாம் டீச்சர்.”

“கெட்டுப்போனா யார் சரிபண்றது?”

“வர்றதே புதுசு. அதுக்குள்ள ஏன் கெடப்போகுது?”

“பிள்ளைங்க செய்யறதையெல்லாம் வேற எங்கயாவது சேமிச்சு வைக்கணும் சார். டேப்புக்கு ஏதாவது ஆச்சுன்னா எல்லாம் போயிடும்.”

“அதை அடுத்த வருஷத் திட்டத்துல சேர்த்துக்கலாம்.”

(எழுத்தாளன் இங்கே ஒரு வெடியைப் புதைத்துவைத்திருக்கிறான் என்று கண்டுபிடித்திருப்பீர்கள். ஆமாம். ரொம்ப நேரம் காக்கவைக்க மாட்டேன்.)

ஒரு கருவி பள்ளிக்குள் நுழைவது சுலபம். தொடக்க நாளன்று எல்லோரும் இருப்பார்கள், படம்கூட எடுப்பார்கள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வரும். மழையில் பாதிப் பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள். கடவுச்சொல் யாருக்கும் நினைவிருக்காது. பக்கத்து வகுப்பு ஆசிரியை, “எனக்கு இதெல்லாம் வேணாம்மா, தொட்டாலே கை நடுங்குது” என்று டேப்பைத் திருப்பித் தந்துவிடுவார். அதற்குப் பிறகும் அலுக்காமல் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார யாராவது வேண்டும்.

அண்ணி உட்கார்ந்தார். எந்த வகுப்புக்கு எந்த நாள் என்று பங்கு பிரித்தார். கை நடுங்கிய ஆசிரியையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழக்கினார். ஆடுகிற பிளக்கைச் சண்டை போட்டு மாற்றவைத்தார். பிசுபிசுத்த விரல் தடங்களைத் துடைக்கப் பிள்ளைகளுக்குத் துணி கொண்டுபோனார். அவையெல்லாம் அண்ணனின் பழைய பனியன்கள்.*

* அண்ணன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். யாரும் சொல்லிவிட வேண்டாம்.

3

இப்போது சிட்டு. உருவத்தில் சின்னவள் என்பதால் வகுப்பில் அந்தப் பெயர். வீட்டில் வாய் ஓயாது என்று அவள் அம்மா சொல்கிறாள். பள்ளிக்குள் காலெடுத்து வைத்தால் ஒரு சொல் கிடையாது. பிடிவாதமெல்லாம் இல்லை, வருவதில்லை. முதல் வகுப்பிலிருந்தே அப்படித்தான்.

என் முதல் வரைவில் அவளுக்குப் பெரிய, ஈரமான கண்கள் கொடுத்திருந்தேன். வரைவை மேசைமேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் அண்ணி படித்துவிட்டார். எழுதியதற்காக ஒரு மூச்சு திட்டினார். பிறகு பேனாவைக் கேட்டார்.

“பேசாத பிள்ளைன்னா கண்ணு பெருசா இருக்கணும்னு யார் சொன்னது? அவளுக்கு எல்லாருக்கும் இருக்கற மாதிரிதான் கண்ணு. மூக்கு ஒழுகும். பென்சில் திருடுவா.”

கண்களைச் சுருக்கி, மூக்கை ஒழுகவிட்டேன்.

வாசிப்புப் பாடத்துக்குப் பிள்ளைகள் டேப்பில் தங்கள் குரலைப் பதிவுசெய்ய வேண்டும். ஒருநாள் சிட்டு தன் டேப்பைத் தூக்கிக்கொண்டு புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அண்ணி பார்த்தும் பார்க்காததுபோல் மற்ற பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டுத் தானும் வெளியே போனார். மாலையில் ஹெட்போன் மாட்டிக் கேட்டார். முதலில் மூச்சு. பிறகு பக்கம் புரளும் சத்தம். பிறகு கரகரவென்று, அதிகாரமாக, ஒரு குரல். பாடம் முழுவதையும் வாசித்துவிட்டு, “டீச்சர், இந்த நரி சரியான லூசு” என்று முடித்திருந்தது. ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்த அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவ்வளவு சந்தோஷம்.

நேரில் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. “எங்கே, ஒரு வார்த்தை சொல்லு கண்ணு” என்று கெஞ்சவில்லை. டேப்பிலேயே பதில் பேசிவைத்தார்: “நரி பாவம், அதுக்கு என்ன பசியோ.” அடுத்த முறை அதற்கு மறுப்பு வந்தது. இப்படியே ஒரு வருடம், ஒரே அறையில் இருந்துகொண்டு, இரண்டு பேரும் நரியிலிருந்து நிலா வரைக்கும் சண்டை போட்டார்கள்.

4

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் அந்தப் பள்ளியில் துடைக்கத் தொடங்குவார்கள். பிள்ளைகள் சுவரில் ஒட்டிய படங்களைக் கழற்றுவார்கள். கரும்பலகையைக் கழுவுவார்கள். மேசைமேல் கிறுக்கியதைச் சுரண்டுவார்கள். பிள்ளைகள் இங்கே இருந்தார்கள் என்கிற தடயத்தையெல்லாம் போக்கிவிட்டு, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று காட்டுவார்கள். இத்தனை வருடங்களில் யாருக்கும் இது வேடிக்கையாகப் பட்டதில்லை.

இந்த முறை டேப்களும் இருந்தன அல்லவா. அண்ணி வகுப்பில் இருந்தபோது தலைமையாசிரியர் தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார். வெளியே துடைத்தார். பிறகு உள்ளேயும் துடைத்தார். ‘எல்லாவற்றையும் அழிக்கவா?’ என்று டேப் கேட்டது. ஆம் என்றார். ‘நிச்சயமாக?’ என்று அது இன்னொரு முறை கேட்டுப் பார்த்தது.

“பளபளன்னு ஆக்கிட்டேன் டீச்சர்! வாங்கின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ, அப்படி!”

அண்ணி சிட்டுவின் டேப்பைத் திறந்தார். எந்த மொழி வேண்டும் என்று கேட்டு, முன்பின் தெரியாதவரைப்போல அது வரவேற்றது. அண்ணி அழுதார். [இங்கே ‘கண்கள் பனித்தன’ என்று எழுதியிருந்தேன். பனிக்கவில்லை, அழுதார்.]

“நல்லதுக்குத்தானே டீச்சர் செஞ்சேன்” என்ற தலைமையாசிரியரின் முகமும் செத்துப்போயிருந்தது.

5

மறுநாள் அதிகாரி வந்தார். டேப்களைத் திறந்து பார்த்தார்.

“என்ன சார், பெட்டியிலேர்ந்து எடுக்கவே இல்லையா?”

“தினமும் பயன்படுத்துறோம் மேடம்.”

“எதுலயும் ஒண்ணுமே இல்லையே. பயன்படுத்தாம வெச்சிருந்தா வேற ஸ்கூலுக்கு மாத்தச் சொல்லியிருக்காங்க. அங்கல்லாம் கேட்டுக்கிட்டே இருக்காங்க சார். நான் என்ன பண்ணட்டும்?”

(இவரை வில்லியாக்க எனக்கு ரொம்ப ஆசை. கறுப்புக் கண்ணாடிகூட மாட்டிவிட்டேன். பிறகு நானே கழற்றினேன். அவர் கேட்டது நியாயம். டேப் இல்லாத பள்ளிகளிலும் சிட்டுகள் இருப்பார்கள்.)

சில பிள்ளைகள் ஓடிவந்து டேப்பில் படம் வரைந்து காட்டினார்கள். அதிகாரி சிரித்தார்.

“வீட்டுல போன் நோண்டற பிள்ளைங்களுக்கு இதுகூடவா தெரியாது? இது வந்ததால படிப்புல என்ன மாறுச்சு? அதைக் காட்டுங்க.”

தலைமையாசிரியர் தவித்தார். டேப்கள் போனால் அது தன்னால்தான் என்று அவருக்குத் தெரியும். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

“மேடம், இந்த வகுப்புல பேசவே பேசாத பிள்ளை ஒண்ணு இருக்கு. டேப்ல மட்டும் பேசும்!”

“அப்படியா? கூப்பிடுங்க. பேசட்டும், கேட்போம்.”

வகுப்பு முழுவதும் சிட்டுவைத் திரும்பிப் பார்த்தது. சிட்டு இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.

6

முடிவு, ஒன்று: சிட்டு எழுந்து நின்று கணீரென்று வாசிக்கிறாள். கைதட்டல். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். எழுதி முடித்ததும் நானே இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

அண்ணி அந்தத் தாளை மட்டும் தனியே எடுத்து மடித்தார்.

“தம்பி, ஒரு வருஷமா நான் அவளைப் பேசுன்னு சொன்னதில்ல. நீங்க ஒரே பக்கத்துல பேச வெச்சிட்டீங்க. எதுக்கு? கதை முடியணும்னா?”

நான் அடுத்த தாளை எடுத்தேன்.

முடிவு, இரண்டு: வண்டி வந்து டேப்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப, சிட்டு ஜன்னல் வழியாக 

[மனசு வரவில்லை.]

“அப்ப நிஜத்துல என்னதான் நடந்துச்சு அண்ணி?”

அண்ணி சொன்னார். அவர் அதிகாரிக்கும் சிட்டுவுக்கும் நடுவில் போய் நின்றிருக்கிறார்.

“மேடம், இவளை எழுப்ப மாட்டேன். டேப்பை எடுத்துட்டுப் போறதுன்னா எடுத்துட்டுப் போங்க.”

அதிகாரி கையிலிருந்த டேப்பை மேசைமேல் வைத்தார்.

“வேற எப்படிப் பேசுவா?”

“யாரும் இல்லைன்னா பேசுவா. பேசாமலும் இருக்கலாம். பேசினா, அதை நாம கேட்கலாமா கூடாதான்னு அவதான் சொல்லணும்.”

“நானும் வெளிய போகணுமா?”

“நானும்தான் மேடம்.”

பிறகு அண்ணி சிட்டுவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவள் பேசிவைத்தது எல்லாம் அழிந்துபோனதைச் சொன்னார்.

“அதை ஏன் அப்ப போய் சொன்னீங்க? பிள்ளை இன்னும் வாயை மூடிக்குமே!” என்று நான் பதறினேன்.

“சொல்லாம எந்த முகத்தோட மறுபடியும் அந்த டேப்பை அவ கையில குடுக்கறது?”

சிட்டு மேசைக்கு அடியிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். டேப்பை வாங்கிக்கொண்டாள். பிள்ளைகள் வரிசையாக வெளியேறினார்கள். அதிகாரி போனார், தலைமையாசிரியர் போனார். கடைசியாக அண்ணி.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? நான் வெளியில நின்னேன்.”

“டேப் ஸ்கூல்ல இருக்கா, போயிடுச்சா? அதையாவது சொல்லுங்க அண்ணி.”

“சொன்னா அதை வெச்சு அவ பேசினாளா இல்லையான்னு எழுதிடுவீங்க. மாட்டேன்.”

7

கதை இப்போது அந்த வகுப்பறையில் இருக்கிறது. சிட்டு அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வருடம் நம்பிப் பேசியதை ஒரே தொடலில் இழந்தவள், அதே பொருளை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். மறுபடியும் நம்புவாளா என்பதுதான் கேள்வி. பதில் தெரிய வேண்டும் என்று உங்களைவிட எனக்கு ஆசை அதிகம்.

ஆனால் அறையில் இன்னும் ஆள் இருக்கிறது. நான் இருக்கிறேன். அவளுடைய விரல் எங்கே இருக்கிறது, உதடு அசைகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் தோளுக்குப் பின்னால் நீங்களும் எட்டிப் பார்க்கிறீர்கள். அடுத்த வாக்கியத்தை நான் எழுதினால் இன்னும் உள்ளேயே நிற்கிறேன் என்று அர்த்தம். நீங்கள் படித்தால் நீங்களும்தான்.

நான் கிளம்புகிறேன். நீங்களும் எழுந்திருங்கள். கடைசியாக வருகிறவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வாருங்கள்.